4 மீட்டரில் கேட்ட 'டப்': காது அழுத்தம் சமன் ஆகாத ஒரு டைவின் நிகழ்வு ஆய்வு

4 மீட்டர் ஆழத்தில் இடது காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதுவரை கூடிக்கொண்டே வந்த வலி அந்த நொடியே நின்றுபோனது. டைவர் தன் ஜோடிக்கு 'ஓகே' சைகை காட்டிவிட்டுக் கீழே இறங்கினார். மூன்றாம் நாள் அவரால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. இடது காதில் இடைவிடாத இரைச்சல்.

இது தனி ஒருவரின் மருத்துவப் பதிவு அல்ல. காது அழுத்தக் காயங்களில் மறுபடி மறுபடி தென்படும் கூறுகளை ஒரே டைவுக்குள் சேர்த்து, ஆய்வுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. நடுக்காதில் ஏற்படும் அழுத்தக் காயம் டைவிங்கில் மிகப் பரவலானது. பெரும்பாலும் ஓய்வு கொடுத்தாலே ஆறிவிடும். இந்த டைவரின் காயம் அதோடு நிற்காமல் உட்காது வரை போனது. அது எந்தக் கட்டத்தில், யார் கையால் நடந்தது என்று தேடிப் பார்த்தால், அழுத்திப் பாய்ந்த நீரைவிட அவர் ஊதிய ஊதல்தான் அதிகம் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

டைவுக்கு முன்

வயது 34. அடிப்படைப் பயிற்சி முடித்து, விடுமுறைகளில் ஸ்கூபா டைவ் செய்பவர். காதில் பெரிய நோய் எதுவும் இருந்ததில்லை. ஆனால் இடது காது வலதைவிட எப்போதுமே சற்றுத் தாமதமாகத்தான் திறக்கும், அதாவது நடுக்காதுக்குள் காற்று போய் வெளி அழுத்தத்தோடு சமன் ஆகும். டைவர்களில் பலருக்கு இப்படி ஒரு சோம்பேறிக் காது உண்டு என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

டைவுக்கு ஒரு வாரம் முன்பு சளி பிடித்திருந்தது. அன்று காலையும் மூக்கு லேசாக அடைத்திருக்க, மூக்கடைப்பைப் போக்கும் ஆக்சிமெட்டசோலின் ஸ்ப்ரே அடித்துக்கொண்டார். மூச்சு சீரானது. கரையில் நின்று மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தார். வலது காது உடனே திறந்தது, இடது அசையவில்லை. இன்னும் அழுத்தி ஊதியபோது இடதும் திறந்துகொண்டது. 'சரியாயிடுச்சு' என்று எடுத்துக்கொண்டார்.

என் கணக்கில் டைவை ரத்து செய்திருக்க வேண்டிய இடம் இதுதான். தண்ணீரின் அழுத்தமே இல்லாத கரையில், நிமிர்ந்து நிற்கும்போதே பலத்தைக் காட்டினால்தான் திறக்கும் காது, நீருக்குள் தலைகீழாக இறங்கும்போது எப்படித் திறக்கும்? ஸ்ப்ரே மூக்குத் துவாரத்தைத் திறந்துவிடும்; மூக்குக்கு வெகு பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் காதுக் குழாயின் வாய் வீங்கியே கிடக்கலாம். மூச்சு நன்றாக வருகிறது என்பதற்கும் காது திறக்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

முதல் பத்து நொடிகள்

டைவ் கம்ப்யூட்டரின் பதிவை இறக்கிப் பார்த்தால் நடந்தது தெளிவாகவே தெரிகிறது. கயிறு எதையும் பிடிக்காமல், தலைகீழாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் வேகத்தில் இறங்கியிருக்கிறார். நொடிக்கு 30 சென்டிமீட்டர். குழு முன்னே போய்க்கொண்டிருந்தது, பின்தங்கக்கூடாது என்ற அவசரம். காது வலிக்கத் தொடங்கிய பிறகுதான் முதல்முறையாக மூக்கைப் பிடித்தேன் என்பது அவர் நினைவு. அப்போது ஆழம் 3 மீட்டர்.

கடல்நீரில் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் சுமார் 76 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு ஏறுகிறது. செவிப்பறைக்கு வெளியே இருக்கும் அழுத்தம் உள்ளே இருப்பதைவிட 60 மில்லிமீட்டர் அதிகமானாலே பலருக்கு வலி தொடங்கிவிடும். அது 80 சென்டிமீட்டர் ஆழம்தான். வேறுபாடு 90 மில்லிமீட்டரை நெருங்கும்போது, அதாவது சுமார் 1.2 மீட்டரில், காதுக் குழாய் பூட்டிக்கொள்ளும். இவர் இறங்கிய வேகத்தில் 1.2 மீட்டரைத் தொட 4 நொடி போதும். பத்தாவது நொடியில் முதன்முறை மூக்கைப் பிடித்தபோது குழாய் பூட்டி ஆறு நொடிகள் ஆகியிருந்தன. அந்தக் கணத்தில் கணக்குப்படி வேறுபாடு 228 மில்லிமீட்டர். செவிப்பறை உள்வாங்குவதாலும் நடுக்காதில் நீரும் ரத்தமும் கசிவதாலும் உண்மையான வேறுபாடு இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அந்தக் கசிவுக்குப் பெயர்தான் காயம்.

பூட்டு என்பதை இன்னும் விளக்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்த அத்தனையும் அதிலிருந்து வந்தவை. நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் பெரியவர்களுக்கு சுமார் 3.5 சென்டிமீட்டர் நீளம். காதுப் பக்கம் உள்ள மூன்றில் ஒரு பங்கு எலும்பால் ஆனது, அது எப்போதும் திறந்தே இருக்கும். தொண்டைப் பக்கம் உள்ள மூன்றில் இரண்டு பங்கு குருத்தெலும்பும் மென்சவ்வும். அது சாதாரணமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மென்னண்ணத் தசைகள் இழுத்துத் திறப்பதால்தான் காற்று போய்வருகிறது. நடுக்காதில் அழுத்தம் குறைந்து, தொண்டைப் பக்கம் கூடும்போது, ஈரமான இரண்டு பாலித்தீன் தாள்கள் ஒட்டிக்கொள்வதுபோல் இந்த மென்பகுதி ஒட்டிக்கொள்ளும். ஓர் எல்லையைத் தாண்டினால் அதைப் பிரிக்கத் தசைக்கு வலு போதாது. அப்போது ஊதினால் ஊதும் அழுத்தமும் வெளியிலிருந்து அதே மென்பகுதியை இன்னும் நெருக்கும்.

ஆழத்தில்தான் காது பாதிக்கப்படும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு வேறு மாதிரி. மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் போகும்போது அழுத்தம் 1 வளிமண்டலத்திலிருந்து 2 ஆகிறது, உள்ளே அடைபட்ட காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. 30 மீட்டரிலிருந்து 40 மீட்டர் போகும்போது 4 வளிமண்டலம் 5 ஆகிறது, சுருக்கம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் இது. நீச்சல் குளத்தின் ஆழமான முனையில் காது போனவர்கள் இருப்பது இதனால்தான்.

மேலே ஏறினார், ஆனால் போதவில்லை

வலி வந்ததும் அவர் மேலே ஏறியது சரியான செயல். பதிவில் 3 மீட்டரிலிருந்து 2.2 மீட்டருக்கு வந்தது தெரிகிறது. வலி சற்றுத் தணிந்தது, மறுபடி ஊதினார், திறக்கவில்லை, அப்படியே மீண்டும் இறங்கத் தொடங்கினார்.

80 சென்டிமீட்டர் ஏறினால் 60 மில்லிமீட்டர் அளவு பாரம் குறையும். ஆனால் மேற்பரப்பை விட்டதிலிருந்து ஒருமுறைகூட இடது காதில் காற்று சேரவில்லை. 2.2 மீட்டரிலும் கணக்குப்படி 160-க்கு மேல் வேறுபாடு மீதம் இருக்கிறது. பூட்டு விட வேண்டுமானால் அவர் 1 மீட்டருக்கும் மேலே, கிட்டத்தட்ட மேற்பரப்புக்கே வந்திருக்க வேண்டும். 'வலி வந்தால் ஒரு மீட்டர் ஏறு' என்று வகுப்பில் சொல்வது கடைசியாகச் சமன் செய்த ஆழத்திலிருந்து அதிகம் விலகாதவருக்குப் பொருந்தும். ஒருமுறையும் சமன் செய்யாதவருக்கு அது போதாது. பயிற்சியில் இந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்பவர்கள் குறைவு.

வலி தணிந்ததும் 'இதோ வந்துவிடும்' என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. 4 மீட்டரில், முகம் சிவக்க, வயிற்றை இறுக்கி, தன் முழு பலத்தையும் சேர்த்து ஊதினார்.

'டப்' சத்தத்துக்குப் பின்னால்

அந்த ஒரு சத்தத்துக்கு மூன்று விளக்கங்கள் இருக்கலாம்: பூட்டிய குழாய் திடீரெனப் பிளந்து திறந்திருக்கலாம், செவிப்பறை கிழிந்திருக்கலாம், நடுக்காதுக்கும் உட்காதுக்கும் இடையிலுள்ள வட்டச் சாளரத்தின் சவ்வு கிழிந்திருக்கலாம். மூன்றிலுமே வலி குறைய வாய்ப்புண்டு. ஆகவே வலி போனதை வைத்துக் காது சரியாகிவிட்டது என்று எவரும் முடிவுக்கு வர முடியாது.

செவிப்பறை கிழிந்திருந்தால் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் பாய்ந்து, ஒரு பக்கத்துச் சமநிலை உறுப்பை மட்டும் குளிரவைத்து, தலை பலமாகச் சுற்றும். நீர் உடல் வெப்பத்துக்கு வந்ததும் சுற்றல் அடங்கும். இவருக்கும் அந்த நேரத்தில் சில நொடிகள் தலை சுற்றியது. ஆனால் பின்னர் மருத்துவர் பார்த்தபோது செவிப்பறை முழுதாக இருந்தது. அதனால் மற்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கி ஊதும்போது நெஞ்சறையின் அழுத்தம் ஏறும், அதனால் தலையிலிருந்து இறங்கும் சிரைகளில் ரத்தம் தேங்கும், மூளைத் தண்டுவடத் திரவத்தின் அழுத்தமும் கூடவே ஏறும். அந்தத் திரவத்துக்கு உட்காதின் திரவத்தோடு தொடர்பு இருப்பதால் உட்காதுக்குள்ளிருந்து வட்டச் சாளரத்தை வெளிநோக்கித் தள்ளும் விசை கூடுகிறது. சாதாரணமாக நடுக்காதின் காற்று அதை எதிர்த்து நிற்கும். இங்கே நடுக்காதிலோ அழுத்தம் ஏற்கெனவே குறைந்து கிடக்கிறது. ஒரு பக்கம் தள்ளல், மறுபக்கம் உறிஞ்சல், நடுவில் மெல்லிய சவ்வு. அது வெளிப்புறமாக வெடிக்கலாம். அல்லது குழாய் திடீரெனத் திறந்து காற்று பாய்ந்து, அதே சவ்வு உள்நோக்கிக் கிழியலாம். இந்த இரு வழிகளையும் 1971-இல் குட்ஹில் என்ற காது அறுவை மருத்துவர் பிரித்துக் காட்டினார். எந்த வழியாக இருந்தாலும் அடிப்படைத் தூண்டுதல் பூட்டிய குழாயின்மேல் காட்டிய பலம்தான்.

மூக்கைப் பிடித்து ஊதும் இந்த முறைக்கு வல்சால்வா என்று பெயர். இத்தாலிய உடற்கூற்றாளர் அந்தோனியோ மரியா வல்சால்வா 1704-இல் வெளியிட்ட காது பற்றிய நூலில் இதை எழுதினார். அவர் நினைத்தது நடுக்காதிலிருந்து சீழை வெளியேற்றுவதற்காக. நீருக்குள் இறங்குபவர் அவர் கணக்கிலேயே இல்லை.

கீழே, பிறகு மேலே

கீழே சொல்ல அதிகம் இல்லை. அதிகபட்ச ஆழம் 16 மீட்டர், மொத்தம் அரை மணி நேரம். இடது காது கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏறும்போது 6 மீட்டரில் தலை சுற்றியது. இரு நடுக்காதுகளிலும் விரியும் காற்று சமமாக வெளியேறாதபோது இப்படி வரும். 1965-இல் கிளாஸ் லுண்ட்கிரென் என்ற ஆய்வாளர் டைவர்களிடம் காணப்படும் இந்தத் தலைசுற்றலை விவரித்தார். இவர் பதறாமல் ஒரு மீட்டர் இறங்கி, சற்றுப் பொறுத்து, சில முறை விழுங்கி, மெல்ல ஏறினார். அந்த நாளில் அவர் செய்தவற்றில் ஆகச் சிறந்தது இதுதான். படகில் மாஸ்க்கைக் கழற்றியபோது உள்ளே ரத்தக் கறை. நடுக்காதில் கசிந்த ரத்தம் குழாய் வழியே இறங்கி மூக்குக்கு வந்திருக்கும், முக எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளிலிருந்தும் (சைனஸ்) வந்திருக்கலாம்.

கரையில் நேர்ந்த இரண்டாம் காயம்

'காதுக்குள்ள தண்ணி போயிருக்கும்' என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார். ஒற்றைக் காலில் குதித்தார், சொட்டு மருந்து விட்டார். முழுதான செவிப்பறைக்குப் பின்னால் தேங்கியிருந்தது ரத்தமும் நீர்க்கசிவும் என்பதால் எவ்வளவு குதித்தாலும் அது வெளியே வர வழியில்லை. செவிப்பறை கிழிந்ததா என்று தெரியாத நிலையில் சொட்டு மருந்து விடுவதும் ஆபத்து. ஆனால் எல்லாவற்றையும்விட மோசம், அடைப்பை எடுக்க இரண்டு நாளும் விடாமல் மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தது. சவ்வில் முதல் நாள் சிறு கீறல் இருந்திருந்தால், ஒவ்வொரு ஊதலும் அதைப் பிளந்து உட்காதுத் திரவத்தைக் கசியவைத்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை கனமான பெட்டியைத் தூக்கினார். அறை சுழன்றது. வாந்தி. காதில் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார்.

இசைக்கவை சொன்னது

கருவியால் பார்த்தபோது இடது செவிப்பறைக்குப் பின்னால் கருஞ்சிவப்பாக ரத்தம். நடுக்காதுக் காயத்தின் தீவிரத்தைக் குறிக்க, 1944-இல் டீட் என்ற மருத்துவர் வகுத்து, பின்னர் திருத்தப்பட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. அறிகுறி மட்டும் இருந்து கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் 0, செவிப்பறை கிழிந்தால் 5. இவருடையது 4. இதைப் பார்த்து 'நடுக்காதுக் காயம், சில வாரங்களில் ஆறும்' என்று அனுப்பிவிடுவது எளிது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு நெற்றியின் நடுவில் வைத்தார். நடுக்காதில் மட்டும் கோளாறு என்றால் அடைபட்ட காதில்தான் ஒலி பலமாகக் கேட்க வேண்டும். இடது காதில் ரத்தம் நிறைந்திருக்கிறது, ஆகவே இடப்பக்கம். அவரோ வலது காதைக் காட்டினார். இடப்புறத்தில் உட்காதோ கேள் நரம்போ பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு. கேட்புத் திறன் சோதனை அதை உறுதி செய்தது: தாழ்ந்த அலைவெண்களில் எலும்பு வழிக் கேட்பு (நடுக்காதைத் தவிர்த்து, மண்டையெலும்பு வழியே உட்காதை அடையும் ஒலி) நன்றாக இருந்தது, 4000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் 55 டெசிபெல் இழப்பு. கண்களில் தானே துள்ளும் அசைவும் இருந்தது.

சோதனைக் கூடம் இல்லாத படகிலும் இதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகினால் போதும். அடைபட்ட காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் பெரும்பாலும் நடுக்காதுச் சிக்கல். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தச் சோதனை நோயை உறுதிப்படுத்தாது, ஆனால் முதல் நாளிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் ஊதலைத் தவிர்த்திருக்கலாம்.

அழுத்த நீக்க நோயா?

ஆழத்தில் உடலில் கரைந்த வாயு, ஏறும்போது குமிழிகளாக வெளிப்படுவதால் வருவது அழுத்த நீக்க நோய். தலைசுற்றல், கேட்புக் குறைவு, இரைச்சல் மூன்றும் உட்காதைத் தாக்கும் அந்த நோயிலும் வரும். இரண்டுக்கும் சிகிச்சை எதிரெதிர் திசையில் போவதால் பிரித்தறிவது முக்கியம். குமிழி என்றால், காற்றழுத்தத்தை மறுபடி கூட்டும் மறு அழுத்த அறைக்குள் உடனே அனுப்ப வேண்டும். சவ்வுக் கிழிசல் என்றால், அதே அறைக்குள் காதை மறுபடி சமன் செய்யச் சொல்வது கிழிசலைப் பெரிதாக்கும்.

இந்த நிகழ்வில் விடை ஓரளவு தெளிவு. இறங்கும்போதே காது திறக்கவில்லை, பலமாக ஊதியபோது சத்தம் கேட்டது, செவிப்பறையில் காயம் தெரிகிறது. 16 மீட்டரில் அரை மணி நேரம் என்பது, குமிழி நோயைத் தவிர்க்க வகுத்த வழக்கமான டைவ் அட்டவணைகளின் எல்லைக்குள் அடங்குவது. தோலில் தடிப்பு, மூட்டு வலி, மரத்துப்போதல் எதுவும் இல்லை. ஆழமான அல்லது நீண்ட டைவ் முடித்து, காதில் எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்கி, மேலே வந்த சிறிது நேரத்தில் தலை சுற்றத் தொடங்கியவரை இதே கண்ணோடு பார்க்கக்கூடாது. அவரைப் பொறுத்தவரை குமிழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் குழம்பிக் கிடக்கும் நிகழ்வுகளில், செவிப்பறையில் சிறு துளையிட்டுவிட்டு அறைக்குள் அனுப்பும் வழியும் இருக்கிறது.

சிகிச்சை

படுக்கையில் ஓய்வு, தலை 30 பாகை உயர்த்தி. மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, மலம் கழிக்க முக்கக்கூடாது என்பதால் அதற்கும் மருந்து. ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டது, பல மருத்துவர்களின் வழக்கம் அது. விமானப் பயணம் தடை. கேட்புத் திறன் சோதனை அடிக்கடி செய்யப்பட்டது. ஓய்விலும் நிலைமை மோசமானால் நடுக்காதைத் திறந்து, உடலிலிருந்தே எடுத்த சிறு திசுத் துண்டால் சாளரத்தை அடைப்பார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. தலைசுற்றல் படிப்படியாக அடங்கியது, நடுக்காது ரத்தம் சில வாரங்களில் வடிந்தது.

மாற்றியிருக்கக்கூடியவை

தலைகீழ் இறக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். தலை கீழே இருக்கும்போது ரத்தம் தேங்கிக் குழாயின் சவ்வு தடிக்கும். கால் கீழாக, கயிறு பிடித்து இறங்கினால் திறப்பதும் எளிது, நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும். மேற்பரப்பிலேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் வலி வருமுன்பே மென்மையாக ஒருமுறை என்று செய்திருந்தால் வேறுபாடு 40 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்காது.

இன்னொன்று முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்சல் போர் விமானிகளுக்குக் கற்பித்த உத்தியை இன்று சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கும் ஃப்ரீடைவர்கள் முதல் பாடமாகவே பயில்கிறார்கள். மூக்கைப் பிடித்து, குரல்வளையை மூடி, நாக்கின் பின்பகுதியை மேலே தூக்கி, தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் காற்றை மட்டும் குழாய்க்குள் தள்ள வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வேலையே இல்லை. அதனால் வல்சால்வாவைப் போல் நெஞ்சழுத்தம் ஏறித் தலைக்குள் போகாது. கண்ணாடி முன் நின்று பழகும்போது வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்ளலாம். வயிறு இறுகினால் வல்சால்வா, வயிறு சும்மா இருக்க மூக்கின் பக்கங்கள் மட்டும் புடைத்தால் ஃப்ரென்சல். சிலருக்கு ஒரே மாலையில் பிடிபடும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஸ்கூபா வகுப்புகளில் இதற்கு ஏன் இவ்வளவு குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

ஸ்ப்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் உதவியால் இறங்கியவருக்கு, அதன் வேகம் நீருக்கடியில் தணிந்துவிட்டால் ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும். இறங்க முடியாதவர் டைவைக் கைவிட்டுத் திரும்பலாம். ஏற முடியாதவருக்கு சிலிண்டரில் இருக்கும் காற்று மட்டுமே அவகாசம்.

மீண்டும் டைவ்?

ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் தாழ்ந்த அலைவெண்களில் இடது காது இயல்புக்குத் திரும்பியிருந்தது. 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இழப்பில் பெரும்பகுதி மீளவில்லை. அமைதியான அறையில் மெல்லிய இரைச்சல் இன்னும் கேட்கிறது.

உட்காது அழுத்தக் காயத்துக்குப் பிறகு டைவ் செய்யலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இனி எப்போதும் கூடாது என்பவர்கள் உண்டு. கேட்பு நிலைத்து, சமநிலை முழுதாக மீண்டு, குழாய் எளிதில் திறப்பதும் உறுதியானால் அனுமதிப்பவர்களும் உண்டு. இவரைப் பார்த்தவர் இரண்டாம் வகை. ஃப்ரென்சல் பழகச் சொன்னார், விழுங்கச் சொல்லிச் செவிப்பறையின் அசைவை அளந்தார். வலது காது ஒவ்வொரு முறையும் அசைந்தது. இடது காது மூன்று முறைக்கு ஒருமுறைதான் அசைந்தது. அனுமதிச் சான்றில் அவர் கையெழுத்திடவில்லை.